லீவு நாளும் நம் பிள்ளைகளும்

(சித்திரை விடுமுறைக்கு முன்னர் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் எமது தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய உரை)

வாசலில் நிற்பவர்கள் பயப்படாமல் உள்ளே வரலாம். இன்றைக்குச் சந்தாப் பேச்சும் இல்லை, மலசலகூடப் பேச்சும் இல்லை.

இன்னும் ஒன்றரைக் கிழமையில் பாடசாலை மூடுகிறார்கள். வழமையாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று வருடத்துக்கு மூன்று தடவை இந்த லீவு வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதற்கு முதல் கிழமை எங்கள் ஒபிசுக்கு வருகிற தாய்மார் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "ஐயா, லீவு புள்ளைகளுக்குத்தான். எங்களுக்கு ஏது லீவு? பேரு போட்டாத்தானே அடுப்பு எரியும்." இதில் ஒரு பொய்யும் கிடையாது. பெரட்டுக்குப் போகிற நேரம் பிள்ளை பாயில் கிடக்கிறது. அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற நேரம் பிள்ளை எங்கே என்று லயம் லயமாகத் தேட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று மிச்சம் என்றால் அதிலும் கைக்காசு, விறகு, துணி துவைப்பு, சந்தை. இதையெல்லாம் தெரியாமல் நாங்கள் பேச வரவில்லை.

கைக்குழந்தை என்றால் பிள்ளைக்காம்பராவில் விடலாம். (அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு போட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் நம் வாயில் பிள்ளைக்காம்பராதான்.) ஏழு வயது தொடக்கம் பதினாலு பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்குத்தான் லீவில் போக ஒரு இடமும் இல்லை. அக்கா அடுப்பைப் பார்க்கிறாள், அண்ணன் தம்பியைப் பார்க்கிறான், அண்ணனை யார் பார்ப்பது? மிச்சம் பேர் ஆற்றிலும் ரோட்டிலும் போனிலும் நாளைப் போக்குகிறார்கள்.

போன ஓகஸ்ட் லீவில் ஒரு வேலையாக றம்பொடை ரோட்டில் வேனில் போய்க்கொண்டிருந்தோம். அந்த முடக்குகளை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையில் பூக்கட்டோடு ஒரு பையன் வேனுக்குப் பக்கத்தில் ஓடி வந்தான். நாங்கள் வாங்கப் போவதில்லை என்று தெரிந்ததும் தேயிலைக்குள் பாய்ந்து குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டான். அடுத்த முடக்குக்கு வேன் வருவதற்கு முன்னாலேயே அங்கே நிற்கிறான். அதே பூக்கட்டு, அதே சிரிப்பு. மூன்றாவது முடக்கிலும் நின்றான். சிரிப்பு இருக்கிறது, மூச்சு இல்லை. வேனை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் நம்முடைய தோட்டத்துப் பிள்ளை! எங்களைக் கண்டதும் பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

நாங்கள் ஏசவில்லை. பூ விற்பது களவு இல்லை. ஆனால் அது எப்படிப்பட்ட ரோடு? 2025 மே 11ஆம் திகதி கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்ட உயிர் போன ரோடு. வாகனம் திரும்புகிற இடம் பார்த்துக் குறுக்கே பாய்கிற பிள்ளையை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அதைச் சொல்லத்தான் இறங்கினோம். அவன் எங்களைப் பேச விடாமல் ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, அந்த வேனுகள்ல எங்க வயசுப் புள்ளைங்க அப்பா அம்மாகூட வாராங்க. எதைப் பாக்க இம்புட்டுத் தூரம் வாராங்க?"

மலையைப் பார்க்க, நீர்வீழ்ச்சியைப் பார்க்க, தேயிலையைப் பார்க்க என்றோம். "தேயிலையையா?" என்று கேட்டுச் சிரிசிரி என்று சிரித்தான். சரி, நீ றம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டோம். "ரோட்டுல இருந்து பாத்திருக்கேன். நின்னு பாக்க நேரமில்லங்க, வேன் போயிரும்" என்றான்.

109 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் அது. கடல் தாண்டி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு நின்று பார்க்க நேரமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இந்தப் பேச்சு எங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் இதே மாதிரி ஒரு ஏப்ரல் லீவில் ஒரு பஸ்ஸைப் பிடித்து நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெற்றோருக்கு அன்று வேலை நாள். நாங்களும் அவர்களைக் கூப்பிடவில்லை, இடமில்லை என்று விட்டுவிட்டோம். ஏப்ரலில் நுவரெலியா எப்படி இருக்கும் என்று யோசித்தாவது பார்த்தோமா? வசந்தகாலக் கொண்டாட்டம் என்று கொழும்பே அங்கே ஏறி வந்து நிற்கிறது. முடக்குக்கு முடக்கு பிள்ளைகள் வாந்தி. கிரெகரி வாவிக்கரையில் இரண்டு பேரைக் காணவில்லை. ஒரு மணித்தியாலம் தேடிய பிறகு குதிரைச் சவாரி நடக்கிற இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். சாப்பாட்டுப் பார்சல் பத்துக் குறைந்து போனது. திரும்பி வரும்போது, இன்றைக்கு எது நல்லாயிருந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். வாவி என்றார்கள், குதிரை என்றார்கள். வாந்தி எடுத்துச் சோர்ந்து போயிருந்த ஒரு சின்னப் பிள்ளை மட்டும், "டீச்சர் எனக்குச் சோறு ஊட்டி விட்டாங்க, அதுதான்" என்றது.

அன்றிலிருந்து பஸ் பிடிக்கிற யோசனையைக் கைவிட்டோம். இப்போது உங்களிடம் கேட்பது லீவில் ஒரே ஒரு நாள். பேர் போகாத ஞாயிறோ போயாவோ பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒன்றாக இந்த மலையில் நடக்க வேண்டும்.

எங்கே நடப்பது? முதலில் நம்முடைய தோட்டத்திலேயே. மேல் டிவிசனுக்கு மேலே தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற இடம் இருக்கிறதே, அங்கே ஏறி நின்றால் கீழே கொத்மலைத் தண்ணீர் தகடு மாதிரித் தெரியும். உங்களில் எத்தனை பேர் வேலைக்கு இல்லாமல் சும்மா அங்கே போயிருக்கிறீர்கள்? பிள்ளைக்கு அந்த அணையைக் காட்டுங்கள். 1985இல் வேலை முடிந்த அணை அது. அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்களும் வயல்களும் இருந்தன. தண்ணீர் நன்றாக வற்றுகிற காலத்தில் பழைய கடதொர விகாரையின் மிச்சங்கள் வெளியே தெரியும். வீட்டு பல்பு எரிவதற்கு எந்த ஊர் தண்ணீருக்குள் போனது என்று தெரிந்த பிள்ளை சுவிட்சை அணைக்கவும் பழகும்.

"எங்களுக்குச் சொல்லிக் குடுக்க என்னங்க தெரியும், நாங்க படிச்சமா?" என்று சில தகப்பன்மார் கேட்கிறீர்கள். கான் ஏன் மலைக்குக் குறுக்காக வெட்டப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? நேராக வெட்டினால் மழைத்தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு போய்விடும், குறுக்காகச் சரிவு குறைத்து வெட்டினால் தண்ணீர் மெதுவாக இறங்கும், மண் கானில் தங்கும். இதைப் பிள்ளை பாடசாலையில் மண்ணரிப்பு என்று எழுதிப் பாடமாக்குகிறது, தன் அப்பா அதைத்தான் மண்வெட்டியால் செய்கிறார் என்று அதற்குத் தெரியாது. ஒரு கானுக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். கவ்வாத்து வெட்டிய மலைக்கும் வெட்டாத மலைக்கும் வித்தியாசத்தைக் காட்டுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, வங்கி எது என்று அம்மா சொல்லட்டும். சவுக்கு மரத்தின் இலை ஏன் அடிப்பக்கம் வெள்ளையாக மினுங்குகிறது என்று பிள்ளை கேட்டால், தெரியாது, டீச்சரிடம் கேட்போம் என்று சொல்லுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. எங்களிடம் கேட்டாலும் அதேதான் சொல்லுவோம்.

நடக்க முடியாத வயதானவர்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட வேண்டாம். மழை பெய்து வெளியே போக முடியாத நாளில் பிள்ளைகளை அப்பாயி பக்கத்தில், அம்மாயி பக்கத்தில் உட்கார வையுங்கள். நம் ஆட்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார்கள், எப்போது இங்கே வந்தார்கள் என்று பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும். 2023ஆம் ஆண்டு மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடைபயணம் போனார்கள். நம் பாட்டன் பூட்டன் கால்நடையாக, வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் ஆளைப் பறிகொடுத்துக்கொண்டு வந்த பாதை அது. உங்கள் வீட்டுக் கிழவி சொல்லுகிற கதை வேறெந்தப் புத்தகத்திலும் இராது. அவர் போன பிறகு கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது?

மழையையும் சும்மா விட வேண்டாம். ஒரே அகலமான போத்தலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரிச் செருகி வெளியே வைத்தால் மழைமானி. அடிமட்டத்தால் தினமும் காலையில் அளந்து எழுதச் சொல்லுங்கள். தோட்ட ஒபிசிலும் மழை அளந்து புத்தகத்தில் பதிகிறார்கள், பிள்ளை போய்க் கேட்டால் அந்தக் கணக்கைக் காட்டுவதாக பெரிய கிளாக்கர் ஐயா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு கணக்கும் எவ்வளவு தூரம் ஒத்துப் போகிறது என்று பார்க்கலாம். மழை அளந்து பழகிய பிள்ளை மண்சரிவைப் பற்றியும் கேட்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களோடு ஆட்கள் புதைந்ததையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு மலையெங்கும் மண் சரிந்ததையும் மறைக்க வேண்டாம். சுவரில் புது வெடிப்பு, மரம் சாய்தல், புதிதாய் ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்று திடீரென்று கலங்குதல், இவற்றில் எதைக் கண்டாலும் பெரியவர்களிடம் ஓடிவந்து சொல்லப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் நம்பர் 117.

கொஞ்சம் காசு சேர்த்து வெளியே போகக்கூடிய குடும்பங்களுக்கு நம் ரோட்டிலேயே இரண்டு பக்கமும் இடமிருக்கிறது. மேலே போனால் நுவரெலியாவையும் தாண்டி ஹக்கல பூந்தோட்டம். 1861இல் கொயினா மரம் நட்டுப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. மலேரியாக் காய்ச்சலுக்கு அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் மருந்து எடுத்தார்கள். போகிற வழியிலேயே சீதாஎலியவில் சீதையம்மன் கோயில், சாமியும் கும்பிட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் வாய் ஒட்டிய மிக்சர் பக்கெட் ஒன்றை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள், ஆனால் உடைக்க விடாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே போய்ச் சேரும்போது பக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும். மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறைகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. பாடம் முடிந்தால் சாப்பிடவும் செய்யலாம். ஆனால் ஏப்ரல் மாதம் மட்டும் நுவரெலியாப் பக்கம் வேண்டாம். சனம், வாகன நெரிசல், இரட்டிப்பு விலை. நாங்கள் பட்டது போதும்.

கீழ்ப்பக்கம் போனால் கம்பளைக்குக் கிட்ட ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் தொடங்கிய தேயிலைத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. பழைய லயத்துக் காம்பராக்களையே நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், பத்திரங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார் என்று பிள்ளை படித்திருக்கும். அந்த 19 ஏக்கர் காட்டை யார் வெட்டினார்கள் என்று கேட்டால் நாம்தானே பதில் சொல்ல வேண்டும்? எங்கே போவதானாலும் திறந்திருக்கிறதா, டிக்கெட் எவ்வளவு, ரோடு நல்லபடி இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். கோச்சியில் போக ஆசை என்றால் ஸ்டேஷனில் கேட்காமல் கிளம்ப வேண்டாம், மண்சரிவுக்குப் பாதை மூடிக் கிடக்கும் நாட்கள் உண்டு. நெருங்கி அடைத்த பஸ்ஸில் பிள்ளையோடு ஏறவே வேண்டாம், அடுத்த பஸ் வரும்.

காலநிலை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் லீவோடு சேர்த்துச் சொல்கிறோம். ஏப்ரலில் காலை வெளிச்சமாக இருக்கும், பின்னேரம் இடி மின்னல். அதனால் விடியற்காலை கிளம்பி ஒரு மணிக்குள் வீடு வந்துவிட வேண்டும். இடி முழங்கத் தொடங்கினால் உச்சியிலோ தனி மரத்தடியிலோ நிற்கக்கூடாது. ஓகஸ்டில் நம் பக்கம் மழையும் காற்றும், அதே நேரம் ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ச்சல். அங்கே சொந்தக்காரர் இருந்தால் ஓகஸ்டில் போங்கள். டிசம்பரில் அந்தப் பக்கம் மழை, போகாதீர்கள்.

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளை ஆற்றுக்கே விடாதீர்கள் என்று சொன்னால் ஒளிந்து போவார்கள், நாமும் அப்படித்தான் போனோம். பெரிய ஆள் ஒருவர் கரையில் நிற்க, முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லாத இடத்தில் இறங்கட்டும். நமக்கு வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, அந்த நிமிசமே கரை ஏற வேண்டும், செருப்பு போனால் போகட்டும். நீர்வீழ்ச்சியின் தலைப்பக்கப் பாறைக்கு யாரும் போகக்கூடாது, போட்டோ எடுக்கவும் கூடாது. குளவிக்கூட்டைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை, கல் எறிகிற பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனமில்லை. "லீவுக்கு மட்டும்தான்" என்று பிள்ளையைக் கொழும்பு வீட்டுக்கோ கடைக்கோ அனுப்புவது இன்னும் நடக்கிறது. அப்படிப் போனவர்களில் இரண்டு பேரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் லீவு முடிந்தும் வரவில்லை, வந்தபோது பாடசாலையில் கூடப் படித்தவர்கள் இரண்டு வகுப்பு மேலே போய்விட்டார்கள், அந்தப் பிள்ளை பிறகு புத்தகப் பையைத் தொடவே இல்லை. மற்றப் பிள்ளையைப் பற்றி இந்தக் கூட்டத்தில் பேச முடியாது. 2021இல் சட்டம் மாறி வேலைக்கு வைக்கக்கூடிய வயது 14 என்று இருந்தது 16 ஆகிவிட்டது. தரகர் வந்து வாசலில் நின்றால் எங்களிடம் சொல்லுங்கள், அல்லது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்குச் சொல்லுங்கள். கடன் நெருக்கடி என்றால் அதையும் வந்து சொல்லுங்கள். தீர்த்து வைப்போம் என்று வாக்குத் தர முடியாது, ஆனால் பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் பேசலாம்.

தந்தைமாரே, வாசலில் நிற்பவர்கள் இன்னும் உள்ளே வரவில்லை, பரவாயில்லை, அங்கிருந்தே கேளுங்கள். உங்களைக் குடிக்காதீர்கள் என்று பிரசங்கம் செய்ய இன்று வரவில்லை, அதற்கு வேறு கூட்டம் இருக்கிறது. அந்த ஒரு ஞாயிறு மட்டும் காலையிலிருந்து இரவு வரை தெளிவாக இருங்கள். பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கப் போகிறது.

சித்திரைப் புத்தாண்டு கழிந்து வருகிற முதல் ஞாயிறு காலை ஆறரைக்கு பிள்ளைக்காம்பரா வாசலில் கூடுகிறோம். மேல் டிவிசன் உச்சிக்கு ஏறி, அங்கே காலைச் சாப்பாடு, பிறகு அந்தப் பக்கம் இறங்கி றம்பொடை நீர்வீழ்ச்சியை அடியில் நின்று பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்புவது. தனிப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம், தாயோ தகப்பனோ யாராவது ஒருவர் கூட வர வேண்டும். ரொட்டியும் சம்பலும் அவரவர் வீட்டிலிருந்து வாழையிலையில் சுற்றிக் கொண்டு வாருங்கள், சொப்பிங் பேக் வேண்டாம். தேத்தண்ணி நாங்கள் கொண்டு வருகிறோம். அட்டைக்குச் சவுக்காரமும் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பேர் கொடுக்கிறவர்கள் வியாழக்கிழமைக்குள் சிறுவர் நிலைய அம்மாவிடம் கொடுங்கள்.

முன்னால் நடந்து வழி காட்டுவதற்கு ஆள் பிடித்தாயிற்று. அந்தப் பூக்காரப் பையன்தான். குறுக்குப் பாதை எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மழை பெய்தால் அடுத்த ஞாயிறு.